இரவல் நடை

என் மனைவி மேகலா தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு நடக்கத் தொடங்குவாள். படுக்கையில் மல்லாந்து படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் நடப்பாள். கால்கள் என் தங்கை பரமேஸ்வரியுடையவை, பலன் மேகலாவுக்கு. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்க்கிறார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் அப்போதே ஏழெட்டுப் பேர் அடுத்தவர் காலால் நடந்துகொண்டிருந்தார்கள்.

மேகலா உடற்கல்வி ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் விசில் ஊதியவள். அவள் குரல் கேட்டால் மைதானத்தில் இருக்கும் பிள்ளைகள் மட்டுமல்ல, வேலிக்கு வெளியே சைக்கிளில் போகிறவரும் ஒரு நொடி நின்றுதான் போவார். நாற்பத்தாறு வயதில், உயரம் தாண்டுவது எப்படி என்று பிள்ளைகளுக்குத் தாண்டிக் காட்டப் போனாள். மெத்தை விலகியிருந்த இடத்தில் முதுகு அடிபட விழுந்தாள். அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

கால் போனதோடு விட்டிருந்தால் சமாளித்திருப்போம். அசையாத உடம்பு என்று தெரிந்ததும் ஒவ்வொரு நோயாக வந்து குடியேறியது. முதலில் சர்க்கரை வந்தது, பின்னாலேயே ரத்த அழுத்தம். குதிகாலில் ஒரு புண் வந்து ஆறுமாதம் ஆறவில்லை. மூன்றாவது வருடம் எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயம் முப்பத்தாறு சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார்கள். தலை வாரினால் மூச்சு வாங்கும். சீப்பைப் பாதியில் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் வாரிவிடப் போனால் திட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து டாக்டர் நிலோஃபர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். உடுமலைப்பேட்டைக்காரர். வந்த அன்று எங்களுக்குப் பாடமே நடத்தினார்.

"தசைன்னா வெறும் கயிறுன்னு நினைச்சுட்டு இருக்கோமுங்க. அப்படி இல்ல. நாம நடக்கறப்ப தொடைத் தசையில இருந்து நூத்துக்கணக்குல சேதி ரத்தத்துல கிளம்பிப் போகுது. சர்க்கரையைக் கவனின்னு ஈரலுக்கு ஒரு சேதி, வீக்கத்தைக் குறைன்னு ரத்தக்குழாய்க்கு ஒண்ணு, இதயத்துக்கு ஒண்ணு, மூளைக்கு ஒண்ணு. அக்கா உடம்புல மூணு வருசமா அந்தச் சேதி எதுவும் போகல. அதான் ஒவ்வொண்ணா படுத்துக்குது."

"அந்தச் சேதிய மாத்திரையாப் பண்ணிக் குடுத்துப்போட வேண்டியதுதானுங்களே?" என்றேன். பஸ் டிப்போவில் முப்பது வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவன். எதற்கும் ஒரு குறுக்கு வழி இருக்கும் என்பது என் நம்பிக்கை.

"குடுத்துப் பாத்தாச்சுங்க. மாத்திரையில எல்லாச் சேதியும் ஒரே நேரத்துல கத்துது. உடம்பு காதைப் பொத்திக்குது. எது முன்னாடி, எது பின்னாடி, எவ்வளவு இடைவெளி, அதெல்லாம் நிஜமா நடக்கிற ஒரு உடம்புக்குத்தான் தெரியும். அதனால ஒருத்தர் நடக்கணும். அவங்க ரெண்டு தொடையிலயும் ஒரு பட்டை இருக்கும். தசை என்ன சொல்லுதுன்னு அது படிச்சு அனுப்பும். அக்கா இடுப்புல ஒரு மருந்துப் பை கட்டுவோம். அந்தப் பை அதே சேதிய, அதே வரிசையில, அதே நேரத்துல அக்கா ரத்தத்துல இறக்கும்."

"நடக்கிறவங்களுக்கு ஏதாச்சும் கொறையுமுங்களா?" இதைக் கேட்டது மேகலா.

"ஒண்ணும் குறையாது. அவங்க நடந்தது அவங்களுக்கும் சேரும், உங்களுக்கும் சேரும். ஆனா பொருத்தம் பாக்கணும். ஒரு உடம்பு பேசறது இன்னொரு உடம்புக்குப் புரியணுமில்லீங்களா."

கால் நன்றாக இருப்பவர்களும் வந்து கேட்பதாக டாக்டர் சொன்னார். திருப்பூரில் ஒருவர் தான் ஏ.சி.யில் படுத்துக்கொண்டு டிரைவரை நடக்கவிடலாமா என்று விசாரித்தாராம். "உங்க காலு உங்களுக்கு, அவர் காலு அவருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னும் பத்து வருசம் கழிச்சு இந்தக் கதவை எத்தனை பேர் தட்டுவாங்களோ தெரியல," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பேச்சை அவர் அதோடு விடவில்லை, போவதற்குள் இன்னும் இரண்டு முறை சொன்னார்.

பொருத்தம் என்றதும் நான்தான் முதலில் கையை நீட்டினேன். எங்கள் ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. எனக்கும் மேகலாவுக்கும் பொருத்தம் சுத்தமாக இல்லை.

"இருபத்தஞ்சு வருசமா எனக்குத் தெரிஞ்சத இப்பத்தான் மிசினு கண்டுபிடிச்சிருக்குது," என்றாள் மேகலா.

ரத்தம் கொடுத்துப் பெயர் பதிந்தவர்கள் டாக்டரின் பதிவேட்டில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரிலும் ஒரே ஒரு ஆள் பொருந்தினார். முந்தின மாசி மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் தெருப் பெண்களோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த என் தங்கை பரமேஸ்வரி.

டாக்டர் அந்தப் பெயரை வாசித்ததும் நான் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டப் போனேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சொந்தக்காரங்களாச்சே, நல்லதுதானுங்களே?" என்றார்.

நல்லதுதான். ஆனால் பரமேஸ்வரியும் மேகலாவும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பரமேஸ்வரி மகள் பெரியவளானபோது சீர் வைத்தார்கள். தாய்மாமன் நான். நானும் மேகலாவும் சீர்த்தட்டோடு போய் நின்றால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதே நாளில் ஈரோட்டில் மாவட்டப் போட்டி. மேகலாவின் பிள்ளைகள் தொடர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். பத்து மணிக்கு முடியும் என்றார்கள், பதினொன்றரைக்குத்தான் ஓடினார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். இருபத்தொரு தட்டோடு நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. யாரோ ஒரு தூரத்து மாமனை உட்காரவைத்துச் சீரை முடித்துவிட்டார்கள். "ஊரான் புள்ளைக ஓடறது பெருசாப் போச்சு, எம் புள்ள உக்காந்திருந்தது பெருசாத் தெரியல," என்றாள் பரமேஸ்வரி. "ஒரு மணி நேரம் பொறுக்க முடியாத எடத்துல எனக்கென்ன வேலை," என்று மேகலா தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினாள். இருவர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் பெரிய தொல்லை. ஒருத்தி பக்கம் மட்டும் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து ஜாடைப் பேச்சுதான். எந்த வீட்டு விசேஷத்தில் சந்தித்தாலும் ஒருத்தி என்னிடம் பேசுவதுபோல மற்றவளுக்குச் சொல்வாள். மற்றவள் என்னிடமே பதில் சொல்வாள். நடுவில் நிற்கும் தபால் பெட்டி நான்.

"வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்று மேகலா டாக்டரிடம் கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த தங்கை வீட்டுக்கு நானே போனேன். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கிரைண்டரை நிறுத்தவில்லை. முடித்ததும் நிறுத்தினாள்.

"நடக்கறது என் காலு. அது எங்க போயிச் சேருதுன்னு நான் பாக்கப் போறதில்லைண்ணா. பட்டைய எப்பக் கட்டுவாங்க?"

இவ்வளவுதான் சொன்னாள். என் கண்ணை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று, கிரைண்டரில் ஏதோ சத்தம் வந்ததே என்று சொல்லிக் குனிந்து பார்த்தேன்.

சித்திரை முதல் வாரம் ஆரம்பித்தார்கள். தினமும் நாற்பது நிமிடம், சமதளத்தில், மூச்சு வாங்காத வேகத்தில். இதுதான் அளவு. பரமேஸ்வரி வாய்க்கால் கரையில் நடப்பாள். இங்கே மேகலாவின் இடுப்புப் பை லேசாக முனகும், அடிவயிற்றில் கதகதப்பாக இருக்கும் என்பாள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதில் இரண்டு கோடுகள் ஓடும். இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்கு நீலம். மேகலா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னிக்குக் கோவமா நடக்கறா உங்க தங்கச்சி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஆயிரம் புள்ளைகள ஓடவுட்டுப் பாத்திருக்கறன். அடி வெக்கறதப் பாத்தாத் தெரியாதா? ஊட்டுல மருமவனோட ஏதோ சடவு. கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

ஒரு மாதத்தில் சர்க்கரை பாதியானது. குதிகால் புண்ணில் புதுத்தோல் ஓரமாக ஏறியது. இரண்டாவது மாதம் ஒருநாள் காலையில் நான் காப்பியோடு உள்ளே போனபோது மேகலா தலைவாரிப் பின்னலும் போட்டு முடித்திருந்தாள். காப்பியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன். சந்தோஷம் என்றால் எனக்கு அன்றைக்கு அந்தப் பின்னல்தான்.

பரமேஸ்வரி மட்டும் ஒவ்வொரு நாளும் கடைவீதியில் என்னைப் பிடித்து நிறுத்துவாள். "அங்க எப்படியாம்?" என்பாள். அண்ணி என்ற சொல் வாயில் வராது. "பரவால்லையாம்," என்பேன் நானும்.

மூன்றாவது மாதம் கோடுகள் நீளத் தொடங்கின. நாற்பது நிமிடம் ஐம்பதானது. பிறகு ஒரு மணி நேரம். பிறகு எழுபத்தைந்து நிமிடம்.

"எனக்கெதுக்கு இத்தன தர்றா? படியேற வேற செய்யறா, கோடு எகுறுது பாருங்க. போயிக் கேளுங்க."

போய்க் கேட்டேன். பரமேஸ்வரி வாய்க்கால் கரையை முடித்துவிட்டுப் பச்சைமலை முருகன் கோவில் படியையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் நாப்பது நிமிசம்னுதானே சொன்னாங்க?"

"அவங்க அளவு அவங்களுக்கு. நம்ம ஊட்டுல மோரு குடுத்தாக்கூட சொம்பு தளும்பத்தான் குடுப்போம். பகையாளிக்குக் குடுக்கறப்ப இன்னும் பாத்துக் குடுக்கோணும். அளந்து ஊத்துனான்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துச்சுன்னா நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது?"

இந்த நியாயத்துக்கு எந்த ஆராய்ச்சி மையத்தில் மருந்து இருக்கிறது? டாக்டரின் விதிமுறைப் புத்தகத்தில், கொடுக்கிறவர் சோம்பேறித்தனத்தால் குறைத்து நடந்தால் என்ன செய்வது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. ரோஷத்தால் கூட்டி நடந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அதை எழுதியவர்கள் பரமேஸ்வரியைப் பார்த்ததில்லை.

ஆனி மாதம் ஒரு வாரத்துக்கும் மேலாக மேகலா திரையையே பார்த்தாள். ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பச்சைக் கோட்டப் பாருங்க."

"பாத்தேன்."

"நீலத்தப் பாருங்க."

"பாத்தேன். ரெண்டும் ஓடுது."

"கரண்டு வேல பாத்த ஆளுதானே நீங்க? பச்சை எளச்சிருக்குது, நீலம் தடிச்சிருக்குது. உங்க தங்கச்சிக்கு இடது முட்டி போச்சு. வலது காலு ரெண்டு காலு வேலையும் பாக்குது. எறங்கறப்ப இடதுல ஊணவே மாட்டேங்கறா. ஒம்பது நாளாப் பாத்துட்டு இருக்கறன்."

"கோயம்புத்தூர் கம்ப்யூட்டர்ல எல்லாம் நல்லாத்தானே காட்டுதுன்னாங்க?"

"அது ரெண்டையும் கூட்டித்தான் பாக்கும். கூட்டுனாச் சரியாத்தான் வரும்."

விதி எங்கள் இருவருக்கும் தெரியும். கொடுக்கிறவருக்கு அடிபட்டால் அன்றைக்கே பட்டையைக் கழற்றிவிடுவார்கள். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்த அந்த ஜோடியையே மூடிவிடுவார்கள். நாலாயிரம் பேரில் மேகலாவுக்கு வேறு ஆள் இல்லை. மறுபடியும் சர்க்கரை, மறுபடியும் புண், பாதித் தலையில் நிற்கும் சீப்பு. அதற்கு அடுத்து என்ன என்று டாக்டர் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"டாக்டர் வர இன்னும் பத்து நாள் இருக்குது. அவங்களே பாத்துக் கண்டுபுடிக்கட்டும். நாமளா எதுக்கு..." என்று இழுத்தேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூடப் பிறந்தவளின் முட்டி அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மனைவி உயிரோடு இருக்க வேண்டும் என்பது மட்டுமே தெரிந்தது.

மேகலா என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரு புள்ள நொண்டிட்டு ஓடுச்சுன்னா விசில ஊதி நிறுத்தோணும். கப்பு வருமேன்னு பாத்துட்டு நின்னா நான் டீச்சர் இல்ல. நாளைக்கு வெடியால வண்டிய எடுங்க. பச்சைமலைக்குப் போலாம்."

மறுநாள் ஆறரைக்கு மலையடிவாரத்தில் இருந்தோம். சக்கர நாற்காலியைப் படிக்கட்டுக்கு எதிரே நிறுத்தச் சொன்னாள். பூக்கடைக்காரம்மா மட்டும் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பரமேஸ்வரி மேலிருந்து இறங்கி வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை இழுத்துச் சேர்த்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு நேராக நடக்க முயன்றாள். இரண்டு படிக்கு மேல் முடியவில்லை.

நாலடி தூரத்தில் வந்து நின்றாள். மேகலா என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்க, முட்டி போனவங்க படியெறங்கக் கூடாதுன்னு ஆராச்சும் சொன்னாத் தேவல."

பரமேஸ்வரியும் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "அண்ணா, முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிப்போடு."

"நல்லா இருக்கற முட்டி இப்படித்தான் வீங்கி நிக்குமான்னு கேளுங்க."

"நான் நின்னுட்டா அங்க படுத்துக்குவாங்கன்னு டாக்டரம்மா சொன்னது எனக்கும் தெரியும்னு சொல்லுண்ணா. நான் பாட்டுக்கு நடக்கறன், அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஒருத்திய நொண்டியாக்கி நான் நல்லா இருக்கோணும்னு கோயில்ல வேண்டிக்கலைன்னு சொல்லுங்க."

"என்னைய ஆரும் ஆக்கல. நானாத்தான்..." பரமேஸ்வரி ஒரு அடி முன்னால் வைத்தாள். முட்டி மடங்கியது. சாயப் போனாள்.

"உக்காரு!"

மைதானத்துக் குரல். பூக்கடைக்காரம்மா கையிலிருந்த பூவைக் கீழே போட்டார். பரமேஸ்வரி கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். நானும் எங்கோ உட்காரப் பார்த்தேன்.

மேகலா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிட்டே போனாள். குனிந்து பரமேஸ்வரியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சேலையை முட்டிக்கு மேலே ஒதுக்கி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இங்கியா?"

"இல்லீங்."

"இங்க?"

"ஆத்தா!"

"எத்தன நாளாச்சு?"

"பதனஞ்சு நாளு."

"எனக்கு ஒம்பது நாளுதான் தெரிஞ்சுது. மொத ஆறு நாளு நல்லாத்தான் ஏமாத்தியிருக்கற."

பரமேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "நின்னா உங்களுக்கு என்னாகும் அண்ணி?" என்றாள். அவ்வளவுதான். பதினோரு வருடம் அங்கே, அந்தப் படியில் முடிந்தது. அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள், நான் வண்டிக் கதவைத் திறந்து திறந்து மூடினேன்.

மேகலாவே டாக்டருக்குப் போன் செய்தாள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முட்டிச் சவ்வு கிழிந்திருந்தது. சின்னத் துளை போட்டுத் தைத்தார்கள். இரண்டு மாதம் படியும் கூடாது, நடையும் கூடாது. ஜோடி மூடப்பட்டது.

அந்தச் செய்தியைச் சொல்ல டாக்டர் நிலோஃபர் நேரில் வந்தார். பரமேஸ்வரியும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காலைக் கட்டிலில் நீட்டி உட்கார்ந்து, மேகலாவுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தப்பு எங்க மேலதானுங்க. ரெண்டு காலையும் கூட்டிப் பாத்தோமே தவிர தனித்தனியாப் பாக்கல. அக்கா கண்டுபுடிச்சதுக்கப்புறம் மத்த எல்லா ஜோடியையும் பிரிச்சுப் பாத்தோம். இன்னும் மூணு பேருக்கு இதே மாதிரி ஆரம்பிச்சிருக்குது. நேத்தே நிறுத்திட்டோம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அக்காவுக்குக் கொடுக்க என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல."

"இவளுக்கு என்ன ஆகும்? ரெண்டு மாசம் உக்காந்திருந்தா?" என்று மேகலா கேட்டாள்.

"தொடைத் தசை கரையும். இவங்க குடும்பத்துல சர்க்கரை வேற இருக்குது. முட்டி சீக்கிரம் ஆறணும்னாலும் உடம்புல அந்தச் சேதி ஓடணும். நடக்காம எப்படி ஓடும்?"

மேகலா தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க டாக்டர், அந்தப் பொருத்தம் ஒரு பக்கத்துக்கு மட்டுந்தானுங்களா?"

"புரியலீங்க."

"அவ உடம்பு பேசறது எனக்குப் புரியுதுன்னா, நான் பேசறது அவளுக்குப் புரியாதா? எனக்குக் காலுதான் போச்சு. கை ரெண்டும் இருக்குது. காலேசு நாள்ல வட்டு எறிஞ்ச கை. பட்டையக் கையில கட்டுனா ஆகாதா?"

டாக்டர் பையிலிருந்து மேகலாவின் கோப்பை எடுத்து வேகமாகப் புரட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கொடுப்பார் என்று அந்தக் கோப்பில் யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"முதல்ல இந்த யோசனை வந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். அப்ப உங்க இதயம் முப்பத்தாறு. ரெண்டு நிமிசம் கைய சுத்தினாலே மூச்சு நின்னிருக்கும். இப்ப நாப்பத்தேழு." அவர் பரமேஸ்வரியைப் பார்த்தார். "இவங்க நடந்து நடந்து அதை அங்க கொண்டாந்து வெச்சிருக்காங்க. இப்ப சுத்தலாம். சுத்தினா அது அக்காவுக்கும் சேரும், இவங்களுக்கும் சேரும்."

"அப்ப எழுதிக்குங்க," என்றாள் மேகலா.

எழுதிக்கொண்டார். ஆனால் கோயம்புத்தூரில் குழு கூடி அனுமதி தர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் மேகலாவின் சர்க்கரை மறுபடி ஏறியது. இரண்டு நாள் தலை வாரவில்லை. நான் கேட்டதற்கு, பின்னல் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்றாள். நான் நம்பியதுபோல இருந்தேன். பரமேஸ்வரி தினமும் இரண்டு முறை போன் செய்தாள். இப்போது என்னிடம் பேசுவதே இல்லை. "அண்ணிகிட்ட குடு," என்பாள். இருவரும் அரைமணி நேரம் பேசுவார்கள். அதில் பாதி என்னைப் பற்றிய புகார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை சாதனம் வந்தது. சைக்கிள் மிதிபோல, ஆனால் கையால் சுற்றுவது. டாக்டர் அதை மேகலாவின் நாற்காலிக்கு முன்னால் மேசையில் முடுக்கினார். மேகலாவின் இரண்டு புஜத்திலும் பட்டை. இரண்டு தெரு தள்ளி பரமேஸ்வரி தன் வீட்டுக் கட்டிலில், இடுப்பில் பையோடு. நடுவில் என் போன், ஸ்பீக்கரில்.

"அக்கா, மெதுவா. பத்து நிமிசம் தாண்டினாத்தான் தசை சேதிய அனுப்ப ஆரம்பிக்கும், அங்க பை தொறக்கும். இன்னிக்கே தாண்டணும்னு அவசியம் இல்ல. மூச்சு முட்டினா நிறுத்திடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

மேகலா சுற்றினாள். முதல் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டே சுற்றினாள். மூன்றாவது நிமிடம் பேச்சு நின்றது. மூன்று வருடம் சும்மா கிடந்த கை. நாலாவது நிமிடம் நெற்றியில் வேர்வை உருண்டது. ஆறாவது நிமிடம் கை தானாக நின்றது. தலையைப் பின்னால் சாய்த்து வாயால் மூச்சு விட்டாள். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, பயமில்லை என்பதுபோல எனக்குத் தலையசைத்தார்.

அந்த மூச்சு போனில் அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணி! அண்ணி, போதுமுங்க. எனக்கு வந்துருச்சு."

மேகலா சாய்த்த தலையை நிமிர்த்தினாள்.

"வயித்துல கதகதன்னு இருக்குதுங்க. முட்டிக்குக்கூட இதமா எறங்குது. நெம்ப நல்லா இருக்குதுங்க அண்ணி. இன்னிக்கு இது போதும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஆறு நிமிடம், பதினொரு நொடி. பை திறக்கவில்லை. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மேகலாவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, உதட்டோரத்தில் நின்று, மெல்லக் கண்வரை ஏறியது.

"அப்படியா பரமேசு? சந்தோசம்," என்றாள் போனைப் பார்த்து.

பிறகு அங்கே கேட்காதபடி போனை மியூட்டில் போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்து, மறுபடியும் இரண்டு கைப்பிடியையும் பற்றினாள்.

"இன்னும் நாலு நிமிசந்தான் டாக்டர். அவ சொன்னத நெசமாக்கிப்போடலாம்."